சம்பந்தி கொடுத்த மாத்திரை

சிங்காநல்லூர்
25.6.2025

சம்பந்தி பாலுசாமி அவர்களுக்கு கோபாலசாமி எழுதுவது.

போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் போனைப் பக்கத்தில் கொண்டு போனாலே உங்கள் காது மெஷின் கீச்சென்று கத்துகிறது. நீங்களும் நான் சொல்வது எதுவும் காதில் விழாமலே 'சரிங்க, சரிங்க' என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் அப்படித் தப்பிக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் ரங்கம்மாளும் வெள்ளகோவில் வந்திருந்தபோது உங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். தேங்காய்க் களத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றீர்கள். நின்றதை மறைப்பதற்காக ஒரு தரம் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தீர்கள், இன்னொரு தரம் செருப்பைச் சரி செய்தீர்கள். மில்லில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் மெயின்டனன்ஸ். ஓடுகிற மெஷின் எங்கே இழுக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். உங்களுக்கு நெஞ்சில் வீசிங் இருக்கிறது. கொப்பரைக்குக் கந்தகப் புகை போட்டுப் போட்டு வந்ததாக இருக்கும்.

எனக்கும் பஞ்சுத் தூசியில் வந்த வீசிங் உண்டு. அதற்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதைப் போட்டால் சிங்காநல்லூர் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவேன். உங்களுக்கும் அதில் ஐந்து அட்டை வாங்கி, காங்கேயம் வழியாகப் போகிற பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டைப் பையில் ஒரு நீலக் கலர் பம்பு வைத்திருந்தீர்களே, அதை விட்டுவிடுங்கள். வாயில் அடிக்கிற மருந்து பழகிப்போய்விடும், அப்புறம் அது இல்லாமல் முடியாது. அந்த டாக்டரம்மா சின்னப் பெண், படித்ததை எழுதிக் கொடுக்கிறார். நான் அனுபவப்பட்டதைச் சொல்கிறேன்.

உங்கள் பெண் ரித்திகா நன்றாக இருக்கிறாள். அவள் போட்டுக் கொடுத்தால்தான் ரங்கம்மாளுக்குக் காப்பி இறங்குகிறது. உங்கள் மாப்பிள்ளை சீனிவாசன் வழக்கம்போல ஆபீசே கதி என்று கிடக்கிறான்.

இப்படிக்கு,
கோபாலசாமி


வெள்ளகோவில்
2.7.2025

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கமுங்க.

நீங்கள் கொடுத்தனுப்பியது பத்திரமாக வந்து சேர்ந்தது. என்னைப் பற்றி இவ்வளவு தூரம் நினைத்திருக்கிறீர்கள் என்பதே பாதி மருந்து. வாங்கிய அன்றைக்கே போட்டுக்கொண்டேன். நெஞ்சு நன்றாகத் திறந்துகொண்டது. களத்துக்கு வருகிற முஸ்தபா கூட, 'என்னங்க கவுண்டரே, இன்னைக்கு முகம் தெளிச்சியா இருக்குது' என்றார். கொப்பரை ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறாரே, அவர்தான்.

நீங்கள் சொன்னபடி பம்பை பீரோவில் வைத்துவிட்டேன். இங்கே மருந்துக்கு ஒன்றும் குறைவில்லைங்க.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. வயதுக்கு நடுங்காத கை எது?

ஆடி நோம்பிக்கு எல்லோரும் வந்துவிட வேண்டும். என் வீட்டுக்காரி ராசாத்தாள் போன பிறகு இந்த வீட்டில் நோம்பி என்று ஒன்று நடக்கவே இல்லை. இந்த வருஷம் ரித்திகாவும் மாப்பிள்ளையும் வருவதால் ஆள் வைத்துச் சமைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குக் காரம் ஆகாது என்று தனியாகச் சொல்லிவிட்டேன். மூலனூர் முருங்கைக்காய் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். சம்பந்தியம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கள்,
பாலுசாமி


சிங்காநல்லூர்
21.7.2025

சம்பந்திக்கு,

நோம்பி விருந்து பிரமாதம். ஆனால் ஒரு குறை. எங்களுக்கெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் இலையில் போட்டுவிட்டு நீங்கள் ரசத்தை மட்டும் தொட்டு எழுந்துவிட்டீர்கள். திரும்பி வரும்போது ரித்திகாவிடம் கேட்டேன். 'அப்பாவுக்கு வயிறு சரியில்லீங்க மாமா. கொஞ்ச நாளா வாந்தி வர்ற மாதிரியே இருக்குதுங்களாம். நான் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாரு' என்றாள்.

ஏனுங்க, இதையெல்லாம் பெண் பிள்ளை வாயிலிருந்து நான் பிடுங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? என்னிடம் சொன்னால் கௌரவம் குறைந்துவிடுமா?

மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு எனக்கும் வயிறு கெட்டது. அப்போது டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் மிச்சம் இருக்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று, வயிறு சரியானதும் மீதியை எடுத்து வைத்துவிட்டேன். நல்ல பவரான மாத்திரை. வயிற்றில் எந்தக் கிருமி இருந்தாலும் அடித்துப் போட்டுவிடும். அதையும், காலையில் வெறும் வயிற்றில் போட கேஸ் மாத்திரையும் அனுப்பியிருக்கிறேன். வீசிங் மாத்திரை தீர்ந்திருக்கும் என்று அதிலும் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். அதை நிறுத்திவிடாதீர்கள்.

நான் யாரிடமும் இவ்வளவு சொல்கிறவன் இல்லை. உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

கோபாலசாமி


வெள்ளகோவில்
26.7.2025

சம்பந்தி அவர்களுக்கு,

எல்லாம் கிடைத்ததுங்க. போட்டுக்கொண்டேன். நல்லா இருக்கேனுங்க. வயிறும் பரவாயில்லை. நெஞ்சு மட்டும் சும்மா படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஆடிக் காற்றில் மண்ணை வாரி இறைக்கிறது அல்லவா, அதுவாக இருக்கும். சோறு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ரித்திகாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாங்க. உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மாப்பிள்ளைக்குச் சிரமம்.

பாலுசாமி


சிங்காநல்லூர்
4.8.2025

சம்பந்திக்கு,

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என் முகத்தைப் பார்த்து நீங்கள் கேட்ட முதல் வார்த்தை, 'சாப்பிட்டீங்களா சம்பந்தி' என்பது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். அங்கே பேச முடியாததை இங்கே எழுதுகிறேன். இப்போது நீங்கள் வீட்டுக்கு வந்து எழுந்து உட்கார்ந்துவிட்டீர்கள், அதனால் கோபப்படலாம். நான் கடுமையான கோபத்தில் இருக்கிறேன்.

களத்தில் கொப்பரைக்கு நடுவில் மயங்கிக் கிடந்தவரை முஸ்தபா தூக்கி வண்டியில் போட்டு, மூட்டைகளோடு மூட்டையாகக் காங்கேயம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். நாங்கள் வந்து பார்த்தபோது உங்கள் நெஞ்சில் வயரெல்லாம் ஒட்டியிருந்தது. இருதயம் கண்டபடி ஓடுகிறது, ஏன் என்று தெரிய வேண்டும், வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிட்டாரோ எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள் என்றார்கள். நானும் ரித்திகாவும்தான் வெள்ளகோவில் போய் பீரோவைத் திறந்தோம்.

டாக்டர் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பினார். உங்கள் டாக்டரம்மா கொடுத்த மாத்திரை ஒன்று, நான் அனுப்பியது ஒன்று. கம்பெனி வேறு, பெயர் வேறு, கலர்கூட வேறு. பின்னால் பொடி எழுத்தில் போட்டிருந்த மருந்தின் பெயர் மட்டும் இரண்டிலும் ஒன்றே. ஒரே மருந்தை இரட்டிப்பாகத் தின்றிருக்கிறீர்கள். கை நடுங்கியதும் வாந்தி வந்ததும் அதனால்தானாம். அந்த வாந்திக்குத்தான் நான் பவரான மாத்திரை அனுப்பினேன். அது முதல் மருந்தை உடம்பை விட்டு வெளியே போகவிடாமல் பிடித்து வைத்துவிட்டதாம். 'இதை யாருங்க கொடுத்தது' என்று டாக்டர் கேட்டார்.

ரித்திகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'எங்க மாமனாருங்க' என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. காப்பியை மேசையில் வைக்கிறாள், போய்விடுகிறாள். ரங்கம்மாள் என்னைத் தெலுங்கில் திட்டினாள். அதைத் தமிழில் எழுத முடியாது.

நான் செய்தது முட்டாள்தனம். அதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? ஏற்கனவே ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கலாம். உங்கள் மாத்திரை போட்டதிலிருந்து வாந்தி வருகிறது என்று எழுதியிருக்கலாம். நெஞ்சு திறந்துகொண்டது, முகம் தெளிச்சியாக இருக்கிறது என்று எழுதினீர்கள். நான் அதை நம்பி, ரங்கம்மாளுக்கும் வாசித்துக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். என்னை ஒரு கொலைகாரனாக ஆக்கப் பார்த்தீர்களே, நியாயமா?

கோபாலசாமி


வெள்ளகோவில்
10.8.2025

சம்பந்தி அவர்களுக்கு,

நியாயம் இல்லைங்க. உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நீங்கள் கோபப்பட்டு எழுதியதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆஸ்பத்திரியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்களே, அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். நம் பிள்ளைகள் தாங்களாகப் பார்த்துப் பிடித்துச் செய்துகொண்ட கல்யாணம். நாங்கள் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். கல்யாணத்தன்று மண்டபத்தில் எனக்கு ஒரு கும்பிடு போட்டீர்கள், அதோடு சரி. தப்பாகச் சொல்லவில்லை, எனக்கும் அன்றைக்கு மனசு அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் சிங்காநல்லூர் வந்து போகும்போது, என் பெண்ணை இந்த வீட்டில் மனசார வைத்திருக்கிறார்களா என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி இருக்கையில், நீங்களாகவே உங்கள் கையால் எழுதி, உங்கள் மருந்தையும் கொடுத்தனுப்பினீர்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? நான் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லைங்க. எனக்கு அது மருந்தாகவே தெரியவில்லை. என் பெண்ணை ஏற்றுக்கொண்டீர்கள் என்று எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

அதைப் போட்டு வாந்தி வருகிறது என்று எப்படி எழுதுவேன்? பெண்ணைக் கொடுத்தவன் வாயிலிருந்து வருகிற பேச்சா அது? டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. வேறு மாத்திரை சாப்பிடுகிறேன் என்றால் அவருடைய மருந்தை மதிக்கவில்லை என்று நினைப்பார். அவர் மனசும் நோகக் கூடாது, உங்கள் மனசும் நோகக் கூடாது என்று இரண்டையும் தின்றேன். ராசாத்தாள் இருந்திருந்தால் அப்போதே மண்டையில் ஒரு குட்டு வைத்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் ரித்திகா என்னை எங்கள் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். உஸ்மா என்று பெயர், நீங்கள் சொன்ன மாதிரி சின்ன வயசுதான். ஆனால் கத்தவே இல்லை. அந்த மாத்திரை கொஞ்சம் கூடினாலும் ஆபத்தாம், அதை அடியோடு நிறுத்திவிட்டார். பம்பு பழகிப்போகும் என்பதெல்லாம் சும்மாவாம். மாத்திரை ஊரெல்லாம் சுற்றி நெஞ்சுக்கு வரும், பம்பு நேராக நெஞ்சுக்கே போகும், அதனால் கொஞ்சம் மருந்தே போதும் என்றார். 'எங்க, அடிச்சுக் காட்டுங்கய்யா' என்றார். காட்டினேன். இத்தனை நாளாக நான் நாக்கின் மேல்தான் அடித்துக்கொண்டிருந்தேனாம். இப்போது ஒரு பிளாஸ்டிக் குடுவை கொடுத்திருக்கிறார். அதில் பம்பை மாட்டி நிதானமாக இழுக்க வேண்டும். நீலம் திணறும்போது மட்டும். இன்னொரு கலர் இருக்கிறது, அது திணறினாலும் திணறாவிட்டாலும் தினமும். அதை இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாயில் புண் வரும். ஓர் ஆளுக்கு எழுதிய மருந்தை இன்னோர் ஆள் தொடக் கூடாது, மிச்சம் வைத்த மருந்தையும் தொடக் கூடாது, கடைக்குப் போனாலும் டாக்டரிடம் போனாலும் சாப்பிடுகிற மருந்தையெல்லாம் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார். நான் எல்லாவற்றுக்கும் 'சரிங்க' என்றேன். ரித்திகாதான், 'அப்பா எல்லாத்துக்கும் சரிங்கதான் சொல்லுவாரு, எனக்கு ஒருக்கா சொல்லுங்க டாக்டர்' என்று திருப்பிக் கேட்டுக்கொண்டாள்.

அவள் உங்களோடு பேசாமல் இருப்பது எனக்கு மூச்சுத் திணறலைவிடக் கஷ்டமாக இருக்கிறது. எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அதுவே நடந்துவிட்டது. அவளிடம் சொல்லிவிட்டேன், மாமா மேல் தப்பில்லை கண்ணு, அவர் பிரியமாகக் கொடுத்தார், நான் மறைத்தேன் என்று. அவள் கோபம் ஆறும் வரை நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாலுசாமி


சிங்காநல்லூர்
22.8.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது ரங்கம்மாள் வாசிக்கச் சொன்னாள். பாதி வாசித்தேன். மீதியை என்னால் சத்தமாக வாசிக்க முடியவில்லை, அவளே வாங்கி வாசித்துக்கொண்டாள். கல்யாணத்தில் நான் அப்படி நின்றது உண்மைதான். ஆனால் ரித்திகா இந்த வீட்டில் யாராவது ஏற்றுக்கொள்ளட்டும் என்று காத்திருக்கவில்லை. அவள் வந்த மறு மாசமே சாவிக்கொத்து அவள் கைக்குப் போய்விட்டது. எனக்கே அவளிடம் கேட்டுத்தான் பணியாரம் கிடைக்கிறது. இதை எழுதியிருந்தால் நீங்கள் மாத்திரையை வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள். நான் மாத்திரையைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் பேசிவிட்டாள். முந்தாநாள் நான் முட்டி வலி மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து நின்று, 'மாமா, உங்க மாத்திரை டப்பா மொத்தத்தையும் எடுத்துட்டு வாங்க, டாக்டர்கிட்டப் போலாம்' என்றாள். இத்தனை நாளில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. நான் மறுபேச்சுப் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அங்கே போனால் என் கதை உங்கள் கதைக்கு அண்ணன். முட்டி வலிக்கு நானாகவே கடையில் வாங்கித் தின்ற மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியிருக்கிறது. அந்த எரிச்சலை கேஸ் என்று நினைத்து, வருஷக்கணக்காக கேஸ் மாத்திரை தின்றுகொண்டிருக்கிறேன். சில பேருக்கு அந்த வலி மாத்திரையே வீசிங்கைக் கிளப்பிவிடும் என்றார் டாக்டர். வலிக்கு வேறு மருந்து கொடுத்திருக்கிறார். வீசிங் மாத்திரைக்கு என்னையும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும்போது ஆட்டோவில் ரித்திகா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். 'அப்பா மாதிரியே நீங்களும் என்னைப் பயமுறுத்தாதீங்க மாமா' என்று சொல்லி அழுதுவிட்டாள். நானும்தான்.

இப்போது எனக்கு ஒரு சங்கடம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. நல்லா இருக்கேனுங்க என்று எழுதிவிடுவீர்கள், நான் அதை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வது? இனி என்னிடம் மரியாதை வேண்டாம், சம்பந்தி. என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் எழுதுங்கள், உண்மையாக இருந்தால் போதும்.

கோபாலசாமி


வெள்ளகோவில்
1.9.2025

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் கேட்டீர்கள், எழுதுகிறேன். நான் நல்லா இல்லைங்க.

குளிக்கப் போய்விட்டு வந்தால் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. நீலப் பம்பை அடிக்கடி எடுக்கிறேன். களத்தில் புகை போடுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் பக்கத்துக் களங்களில் போடுகிறார்கள், அந்தக் காற்று இங்கேதான் வருகிறது. ரொம்ப முடியாமல் போனால் ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி முஸ்தபாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த அளவுக்கு இல்லை. ஆனால் சரியாகவும் இல்லை.

போன வாரம் டாக்டரம்மாவிடம் போயிருந்தேன். 'எப்படிங்கய்யா இருக்குது' என்று கேட்டார். 'உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேனுங்க' என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகப் போய்விட்டது. தினமும் இழுக்கிற மருந்தைப் பாதியாகக் குறைத்து எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கும் 'சரிங்க' என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்க முடியவில்லை, வழியில் ஒரு கடைப் பலகையில் உட்கார்ந்துதான் வந்தேன்.

இத்தனை பட்ட பிறகும் இப்படியா என்று நீங்கள் கத்துவது இங்கே கேட்கிறது. என்ன செய்வது, கேட்கிறவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வேறு வார்த்தை வருவதில்லை. ரித்திகாவைக் கூட்டிப் போகலாம். ஆனால் அவள் பயந்த முகத்தைப் பார்த்தால் இன்னும் பெரிய பொய்யாகச் சொல்வேன். உங்களிடம் மட்டும்தான் எழுத முடிந்தது. உங்களுக்கு யார் முகத்தைப் பற்றியும் கவலை இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லைங்க.

வியாழக்கிழமை காலையில் டாக்டரம்மா இருப்பார். உங்களால் முடிந்தால் வாருங்கள், என் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்பார். பழக்க தோஷத்தில் நான் நல்லா இருக்கேனுங்க என்றுதான் சொல்வேன். அப்போது நீங்கள் குறுக்கே புகுந்து, 'இல்லீங்க, இவரு நல்லா இல்லீங்க' என்று சொல்லிவிடுங்கள்.

பாலுசாமி